அசையாமல் இருந்தவர்கள்

தலையில் ஒரு கிரீடம். அதுவும் அளவுக்கு மீறிப் பெரியது. எதிரே முக்காலியின் மேல் பெரிய மரப்பெட்டி போல ஒரு கேமரா. அசையவே கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. முதல் நிமிடத்தில் வாய்விட்டு அலற வேண்டும் போலிருக்கிறது. இரண்டாவது நிமிடத்தில் விழிகள் பிதுங்கி வெளியே வந்துவிடும் போலிருக்கிறது. மூன்றாவதில் பிடரி வெடவெடக்கிறது. நான்காவதில் கிரீடம் மெல்ல நெற்றியில் சரிகிறது. ஐந்தாவது நிமிடத்தையும் எப்படியோ தாண்டியிருக்கலாம். ஆனால் அந்த வீட்டுப் பெரியவருக்கு நேரங்காலம் பார்க்காமல் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அவர் சிரித்துவிட்டார். அரசி வேடத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணும் குலைந்துபோனார். ஒரு கண்ணாடித் தகடு பாழ்.

அந்தப் பெண் பிற்பாடு, 1886-இல், தன் பெயரைப் போடாமல் இந்த அனுபவத்தை எழுதி வெளியிட்டார். அவரை உட்கார வைத்தவர் ஜூலியா மார்கரெட் கேமரூன். சிரித்தவர் ஜூலியாவின் கணவர் சார்லஸ் ஹே கேமரூன். இங்கிலாந்தின் தெற்கே வைட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் என்ற சிற்றூரில் நடந்த கதை இது. உருவப்படக் கலையில் பொறுமை, விடாமுயற்சி என்று யார் பேச்செடுத்தாலும் இந்த அம்மையாரிடம் வந்துதான் ஆக வேண்டும். ஆனால் அவருடைய படங்களை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தால் வேறொரு கேள்வி எழுகிறது. அந்தப் படங்களில் தெரிவது யாருடைய பொறுமை?

ஜூலியா 1815-இல் கல்கத்தாவில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி. அம்மா பிரெஞ்சுக் குடும்பத்துப் பெண். தன்னைவிட 20 வயது மூத்த சார்லஸைக் கல்கத்தாவில் 1838-இல் மணந்தார். சார்லஸ் சட்டம் படித்தவர். மெக்காலேயோடு சேர்ந்து இந்தியத் தண்டனைச் சட்டத்தின் வரைவில் உழைத்தவர். அதற்கும் முன்பே, 1830-களின் தொடக்கத்தில், இலங்கையின் நிர்வாகத்தை ஆராய வந்த ஆணைக்குழுவில் இருந்தவர். இலங்கைப் பள்ளிகளில் வரலாறு படித்தவர்களுக்கு ‘கோல்புரூக்–கேமரூன் சீர்திருத்தம்’ என்றால் உடனே நினைவுக்கு வரும். அந்தக் கேமரூன்தான் இவர். இலங்கை மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களும் வாங்கினார். 1848-இல் குடும்பம் இங்கிலாந்துக்குப் போனது. 1860-இல் ஃப்ரெஷ்வாட்டரில் வீடு வாங்கியபோது அதற்கு வைத்த பெயர் ‘டிம்போலா’. தலவாக்கலைப் பக்கத்துத் திம்புள்ளையில் இருந்த தோட்டத்தின் பெயர்தான், கடல் கடந்து போய் அந்த வீட்டு வாசலில் ஒட்டிக்கொண்டது.

1863 டிசம்பரில் சார்லஸ் தோட்டங்களைப் பார்க்க இலங்கைக்குப் போயிருந்தார். வீட்டில் ஜூலியா தனியாக இருந்தார். அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. ஆறு பிள்ளைகளைப் பெற்று, அநாதைப் பிள்ளைகளையும் எடுத்து வளர்த்தவர். படம் எடுப்பதில் எந்தப் பயிற்சியும் கிடையாது.

நிலக்கரி போட்டுவைத்த கொட்டகை இருட்டறை ஆனது. கோழிகளை வெளியேற்றிவிட்டுக் கண்ணாடி பதித்த கோழிக்கூடு ஸ்டுடியோ ஆனது. முதலில் அவர் கையில் அகப்பட்டவர் உள்ளூர் உழவர் ஒருவர். அவருக்கு மணிக்கு அரைக் கிரவுன் கொடுத்து உட்கார வைத்தார். அன்றைய பண்ணைக் கூலியாள் ஒருவர் நாளெல்லாம் உழைத்தாலும் கிடைக்காத தொகை அது. மணிக்கணக்கில் உட்கார வைத்து, அரைக் கிரவுன்களாக அள்ளிக் கொடுத்து, கடைசியில் ஒரு படம் வந்தது. அதை உலர்த்துவதற்காக மகிழ்ச்சியோடு தூக்கிப் பிடித்தபோது ஈரப் படலத்தின் மேல் கை பட்டு அத்தனையும் அழிந்தது. இதை அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார்.

அந்தக் காலத்து வேலை எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் இந்த இழப்பின் கனம் புரியும். ஈரக் கொலோடியன் முறை என்று அதற்குப் பெயர். ஈதரிலும் சாராயத்திலும் கரைத்த பிசுபிசுப்பான திரவத்தைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஊற்றி, நாலா மூலைக்கும் சீராக ஓடும்படி சாய்க்க வேண்டும். இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தகட்டை அமிழ்த்த வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஓடிப்போய்க் கேமராவில் மாட்டி, லென்ஸ் மூடியைத் திறந்து, காத்திருந்து, மூடி, மறுபடி இருட்டறைக்கு ஓடி உருத்துலக்க வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடியாவிட்டால் தகடு குப்பைக்குத்தான். படத்தை நிலைப்படுத்தப் பொட்டாசியம் சயனைடு. பிறகு கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றி அலச வேண்டும். விரல்கள் வெள்ளி நைட்ரேட் பட்டுக் கறுத்துப்போகும். துணியெல்லாம் கறை. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது ஒரே ஒரு நெகடிவ். முட்டை வெள்ளை பூசிய தாளை அதனோடு ஒட்டி வைத்து, வெயிலில் காட்டித்தான் படம் அச்சாக வேண்டும்.

1864 ஜனவரியில் ஒரு நாள் இரண்டு குழந்தைகளை உட்கார வைத்தார். ஒரு குழந்தை களுக்கென்று சிரித்துவிட, படம் போச்சு. இன்னொரு குழந்தையைத் தனியாக உட்கார வைத்தார். நீ அசைந்தால் இந்தப் பாவப்பட்ட அம்மாவின் மருந்தும் உடம்பில் உள்ள தெம்பும் வீணாகுமே என்று கெஞ்சினார். அந்தச் சிறுமி அசையவில்லை. ‘ஆனி, என் முதல் வெற்றி’ என்று ஜூலியா பெயரிட்ட படம் அதுதான். சந்தோஷம் தாங்காமல் அந்தக் குழந்தைக்குக் கொடுப்பதற்காகப் பரிசுப் பொருள் தேடி வீடு முழுக்க ஓடியிருக்கிறார். அன்றைக்கே அச்சிட்டு, சட்டம் போட்டு, சிறுமியின் தகப்பனார் கையில் கொடுத்தும்விட்டார். இன்று பார்த்தாலும் அந்தப் படத்தில் ஆனியின் முகம் பக்கவாட்டு ஒளியில் சற்றே மங்கலாக, ஏதோ யோசனையில் இருப்பது போலத் தெரியும். பார்ப்பவரை அது கவனிக்கவில்லை. தன்னிடம் ஒப்படைத்த காரியத்தை ஒரு குழந்தை எவ்வளவு கருத்தாகச் செய்யுமோ அவ்வளவு கருத்தாக, அசையாமல் இருக்கும் காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது.

அன்றைய லண்டன் ஸ்டுடியோக்களில் படம் எடுக்கும் முறையே வேறு. சிறிய தகடு, ஏராளமான வெளிச்சம், சில விநாடிகள். தலை ஆடாமல் இருக்கப் பின்னால் ஓர் இரும்புக் கவ்வி. தலை முதல் கால் வரை கூர்மையாக விழுந்தால் போதும், வாடிக்கையாளருக்குத் திருப்தி. ஜூலியா பெரிய தகட்டைப் பிடித்துக்கொண்டார். 1866 வாக்கில் 15 அங்குலத்துக்கு 12 அங்குலத் தகட்டுக்கே போய்விட்டார். ஜன்னல்களைத் திரை போட்டு மறைத்து வெளிச்சத்தைக் குறைத்தார். முகத்துக்கு மிக அருகில் போனார். விளைவு, லென்ஸ் மூடி மூன்று முதல் ஏழு நிமிடம் வரை திறந்தே இருக்க வேண்டியதாயிற்று.

இதை அவருடைய குறையாக எண்ணியவர்கள் உண்டு. உண்மையில் அவருடைய பலமே இதுதான். புன்னகையை யாராலும் ஐந்து நிமிடம் பிடித்துவைக்க முடியாது. கம்பீரமாக முகத்தை வைத்துக்கொண்டாலும் ஒரு நிமிடத்தில் களைத்துவிடும். கேமராவுக்காகப் போட்டுக்கொண்ட முகம் மெல்லக் கழன்ற பிறகு மிஞ்சும் முகம்தான் அந்தத் தகட்டில் கூடுதல் நேரம் பதிகிறது. ஒரு கணத்தைப் பிடித்த படம் என்று இவற்றைச் சொல்ல முடியாது. ஒருவரின் பல நிமிடங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்த படங்கள் இவை. மூச்சின் அசைவும், விழியின் சிறு துடிப்பும், கன்னத்தின் தளர்வும் அந்த மெல்லிய மங்கலுக்குள் இருக்கின்றன.

ஃபோகஸ் விஷயத்திலும் அவர் பிடிவாதக்காரர். லென்ஸைத் திருகிக்கொண்டே வரும்போது கண்ணுக்கு அழகாகத் தெரிகிற இடம் வந்ததும் நிறுத்திவிடுவாராம். மற்றவர்கள் வலியுறுத்தும் கூர்மை வரை போவதில்லை. லண்டன் புகைப்படச் சங்கத்தின் பத்திரிகை அவரைக் கடுமையாகச் சாடியது. தகட்டில் கீறல் இருக்கிறது, விரல் ரேகை இருக்கிறது, படம் மங்கல் என்று அடுக்கினார்கள். குறைகள் இருந்தது உண்மைதான், அவரும் மறைக்கவில்லை. ஆனாலும் பெர்லினில் 1866-இல் தங்கப் பதக்கம் கிடைத்தது. லண்டன் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவருடைய படங்களை 1865-இலேயே விலைக்கு வாங்கியது. 1868-இல் அங்கேயே இரண்டு அறைகளை ஸ்டுடியோவாகப் பயன்படுத்தக் கொடுத்தது. இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் என்று அழைக்கப்படும் அந்த இடத்தில் அவருடைய படங்கள் 900-க்கும் மேல் இருக்கின்றன.

கவிஞர் டென்னிசன் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய ஆர்தர் மன்னர் கவிதைகளுக்குப் படம் எடுத்துத் தரும்படி 1874-இல் கேட்டுக்கொண்டார். 12 நல்ல படங்களுக்காக 245 எடுத்ததாக ஜூலியா ஒரு கடிதத்தில் கணக்குச் சொல்கிறார். மேலே சொன்ன தகட்டு வேலையை 245 தடவை செய்து பார்த்தால் அந்த எண்ணுக்குள் இருக்கும் உழைப்பு தெரியும். மந்திரவாதி மெர்லின் வேடத்துக்குக் கணவர் சார்லஸையே பிடித்து ஓர் ஓக் மரப் பொந்தில் நிறுத்தினார். அவருக்குச் சிரிப்பு வந்து மரமே லேசாகக் குலுங்கியதாம். கடைசியில் டென்னிசனின் புத்தகத்தில் ஜூலியாவின் படங்கள் மரச்செதுக்கு அச்சாகச் சிறுத்துப்போய் வந்தன. மனம் தாங்காமல், அசல் படங்களையே ஒட்டித் தனிப் பெரிய புத்தகமாக அவரே வெளியிட்டார்.

அவருடைய பொறுமைக்கு எனக் குறிப்பாக ஒரு படத்தைச் சொல்ல வேண்டுமானால் அது வானியலாளர் ஜான் ஹெர்ஷலின் படம். வெள்ளி உப்புகளைக் கரைத்துப் படத்தை நிலைப்படுத்தும் ‘ஹைப்போ’வின் தன்மையைக் கண்டறிந்தவர் அவர். ஜூலியா அவரை 1836-இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் சந்தித்தார். புகைப்படம் என்ற கண்டுபிடிப்பு பற்றி அவருக்குச் சொன்னதும் ஹெர்ஷல்தான். குருவாக நினைத்த அந்த மனிதரைப் படம் எடுக்கும் வாய்ப்பு 1867 ஏப்ரலில்தான் கிடைத்தது. கேமரா, தகடு, மருந்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கென்ட் மாவட்டத்தில் இருந்த அவர் வீட்டுக்கே போனார். 75 வயது ஹெர்ஷலின் தலைமுடியை அலசச் செய்து, வெண்முடி சிலிர்த்து நிற்கும்படி பார்த்துக்கொண்டார். இருட்டிலிருந்து ஒரு முதிய முகம் எழுந்து வருகிறது. கண்ணில் ஈரம், கண்ணுக்குக் கீழே சுருக்கம், எதையும் மென்மையாக்காத ஒளி. மதிப்பு வைத்திருந்த ஒருவரை இத்தனை ஆண்டு கழித்து, தன் கைத்திறன் முதிர்ந்த பிறகு எடுத்ததால் கிடைத்த படம் அது.

டார்வின் உட்கார்ந்தார். கார்லைல் உட்கார்ந்தார். 1868-இல் அமெரிக்கக் கவிஞர் லாங்ஃபெல்லோவை டென்னிசனே கூட்டிக்கொண்டு வந்து, அம்மையார் சொல்வதையெல்லாம் செய்துதான் ஆகவேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார். இவர்கள் பெயரெல்லாம் படத்தோடு இருக்கின்றன. விருப்பமில்லையென்றால் எழுந்து போயிருக்கவும் முடியும்.

மேரி ஹில்லியரால் முடிந்திருக்குமா? அவர் அந்த வீட்டு வேலைக்காரப் பெண். பாத்திரம் தேய்த்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து கன்னி மரியாளாக உட்கார வேண்டும். ஒரு படம் இரண்டு படம் இல்லை, ஆண்டுக்கணக்கில். ஊர்க்காரர்கள் அவரை ‘மேரி மடோனா’ என்றே அழைத்தார்கள். ஜூலியாவின் புகழ்பெற்ற படங்களில் பாதியைத் தாங்கி நிற்பது இந்தப் பெண்ணின் பொறுமைதான் என்று சொன்னால் மிகையாகாது. அவர் பின்னாளில் தன் மகளுக்கு ஜூலியா என்று பெயரிட்டார்; ஆகவே அந்த வீட்டின் மேல் அவருக்குப் பாசம் இருந்திருக்க வேண்டும். முதுமையில் பார்வை இழந்து 1936-இல் காலமானார்.

மேரி ரையன் கதை வேறு விதம். பிச்சை எடுத்து வாழ்ந்த ஓர் ஐரிஷ் தாயின் மகளான அவரை ஜூலியா வீட்டுக்கு அழைத்துவந்து, படிக்க வைத்து, வேலையிலும் சேர்த்துக்கொண்டார். லண்டன் கண்காட்சியில் அவருடைய படத்தைப் பார்த்த ஓர் இளைஞர் மனதைப் பறிகொடுத்தார், 1867-இல் திருமணம். அந்த இளைஞர் ஹென்றி காட்டன், கும்பகோணத்தில் பிறந்தவர். இந்திய ஆட்சிப் பணிக்கு வந்து, ஓய்வுக்குப் பிறகு 1904-இல் பம்பாயில் கூடிய இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தார். அசையாமல் உட்கார்ந்த சில நிமிடங்கள் மேரி ரையனை அவ்வளவு தூரம் கொண்டுபோயின.

இன்னும் ஒரு கூட்டத்தார் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இந்தக் கலை வரலாற்றில் பேச்சே குறைவு. இத்தனை கண்ணாடித் தகடும் வெள்ளி நைட்ரேட்டும், அச்சுக்குச் சாயம் ஏற்றும் தங்கக் குளோரைடும் எங்கிருந்து வந்தன? கேமரூன் குடும்பத்தின் வருமானத்தில் பெரும்பங்கு இலங்கைக் கோப்பித் தோட்டங்களை நம்பியிருந்தது. அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்கள் சென்னை மாகாணத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து புறப்பட்டு, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைப் பக்கம் நடந்து ஏறிய தமிழர்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மடிந்தவர்கள் ஏராளம். ஃப்ரெஷ்வாட்டர் ஸ்டுடியோவில் ஐந்து நிமிடம் காத்திருக்க முடிந்ததற்குப் பின்னால் அவர்களுடைய நாள்கூலி இருக்கிறது. ஜூலியாவின் கலையை இது சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் கதை அரைகுறை.

1869 முதல் இலங்கைக் கோப்பிச் செடிகளை இலைத்துரு நோய் பிடித்தது. கேமரூன்களின் கைப்பணமும் கரைந்தது. 1875-இல் கணவனும் மனைவியும் இங்கிலாந்தை விட்டு இலங்கைக்கே குடிபெயர்ந்து, களுத்துறைக் கடலோரத்தில் தங்கினார்கள். கேமராவும் கூடவே வந்தது. ஆனால் வெப்பத்தில் ஈதர் சீக்கிரம் ஆவியாகிவிடும். தகடு சடுதியில் காய்ந்துபோகும். இலங்கையில் அவர் எடுத்ததாக இன்று தெரிந்த படங்கள் 30 கூட இல்லை.

1877-இல் தாவர ஓவியர் மரியான் நார்த் அங்கே விருந்தாளியாக வந்தார். ஜூலியா அவரை விடுவாரா? கம்பளித் துணியைச் சுற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னோலை தலையில் குத்த, உச்சி வெயிலில் நிறுத்தினார். வெப்பமானி 96 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டிக்கொண்டிருந்தது. இயல்பாக இருக்கும்படி சொன்னாராம். 12 தகடு வீணானது என்றும், ஒன்றிலும் உருப்படியாக எதுவும் வரவில்லை என்றும் நார்த் தன் நூலில் எழுதியிருக்கிறார். 60 வயதைக் கடந்த ஒருவர் அந்த வெயிலில் 12 தகடு வார்த்திருக்கிறார் என்பதையும் அந்தக் குறிப்பிலிருந்தே நாம் எடுத்துக்கொள்ளலாம். விடாமுயற்சி எப்போதும் பலன் தரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

நார்த் இன்னொன்றும் சொல்கிறார். ஒரு ஆளின் முதுகு படம் எடுக்க மிகவும் அழகாக இருக்கிறது என்பதற்காகவே, தோட்டமே இல்லாத வீட்டில் அவரைத் தோட்டக்காரராக ஜூலியா வேலைக்கு வைத்துக்கொண்டாராம். அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். களுத்துறையிலும் தோட்டங்களிலும் ஜூலியா எடுத்த படங்களில் பெண்கள், சிறுமிகள், கூலியாட்கள் இருக்கிறார்கள். ஹெர்ஷலுக்கும் டார்வினுக்கும் கொடுத்த அதே அருகாமை, அதே கவனிப்பு அவற்றில் சிலவற்றிலாவது உண்டு. அந்த முகங்களும் அத்தனை நேரம் அசையாமல்தான் இருந்திருக்கின்றன. ஆனால் பெரும்பாலான படங்களில் பெயர் இல்லை. ‘இலங்கை’, ‘களுத்துறைக் குடியானவர்கள்’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது. 500-க்கும் மேற்பட்ட படங்களுக்குக் காப்புரிமை பதிந்து, தன் கையாலேயே அடிக்குறிப்பு எழுதி வந்த ஒருவர் இவர்கள் பெயரைக் கேட்டு எழுதியிருக்கலாம். பெரிய கலைஞர்தான், இந்த இடத்தில் அவர் தவறிவிட்டார்.

1879 ஜனவரி 26 அன்று டிக்கோயா பள்ளத்தாக்கில் ஒரு தோட்ட வீட்டில் ஜூலியா இறந்தார். அடுத்த ஆண்டு சார்லஸும் போய்ச் சேர்ந்தார். இருவரும் பொகவந்தலாவையில் புனித மேரி தேவாலயத்து வளாகத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள். ஹட்டனிலிருந்து போய்ப் பார்த்துவிட்டு வரலாம். சுற்றிலும் இன்று தேயிலை.

இதை வாசிப்பவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் வீட்டுப் பெட்டியில், அலமாரியில், பழைய ஆல்பத்தில் பெயர் தெரியாத முகங்கள் சில இருக்கும். கல்யாண வீட்டின் பின்வரிசையில் நிற்கும் அத்தை, தோட்டத்தில் வேலை பார்த்தவர், குழந்தையைத் தூக்கி வளர்த்த ஆயா. அவர்களை இன்னார் என்று சொல்லக்கூடிய பெரியவர் ஒருவராவது இன்னும் இருப்பார். இந்த வாரமே அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். பெயர், ஊர், உறவு, ஏறக்குறைய எந்த ஆண்டு என்பதைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை நாளடைவில் முன்பக்கம் ஊறும்.